அம்மாவின் ஈறு நோய்க்கும் மகளின் சொத்தைப் பல்லுக்கும் லேசர் சிகிச்சை: செய்யலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் உறுப்பினர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பல் சிகிச்சையில் லேசரைப் பயன்படுத்துவது பற்றி விவரம் அறிந்தவர்களின் கருத்து தேவைப்படுவதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு வயது அறுபத்து நான்கு. நெடுநாளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சென்ற ஆண்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் தினமும் சாப்பிட்டு வருகிறார். சில மாதங்களாகப் பல் துலக்கும்போதெல்லாம் ஈறிலிருந்து இரத்தம் வருகிறது. கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு ஆடவும் தொடங்கிவிட்டன. திருநெல்வேலியில் ஒரு தனியார் பல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஈறு நோய் முற்றியிருக்கிறது, வழக்கமான கிளீனிங் போதாது, லேசரில் செய்தால் இரத்தமும் வராது வலியும் இருக்காது, ஆடும் பற்களும் உறுதியாகிவிடும் என்று அங்கே சொன்னார்கள். கட்டணம் வழக்கமான சிகிச்சையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

உடன் வந்திருந்த என் மகளையும் பார்த்தார்கள். ஒன்பது வயது. கடைவாய்ப் பல் ஒன்றில் சொத்தை இருக்கிறது. டிரில் சத்தம் கேட்டாலே வாயைத் திறக்க மாட்டாள் என்று நான் சொன்னதும், அதே லேசரிலேயே சொத்தையை எடுத்துவிடலாம், ஊசியும் வேண்டாம் என்றார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். அம்மாவின் வலது கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைப் படலம் இருக்கிறது. வலி எதுவும் இல்லை. வெற்றிலை போடும் பழக்கம் இளவயதிலிருந்தே உண்டு. புகையிலை சேர்ப்பதில்லை, கொட்டைப்பாக்கும் சுண்ணாம்பும் மட்டும்தான். அந்தப் படலத்தையும் ஈறுச் சிகிச்சையின்போதே லேசரால் சுட்டு எடுத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை என்றார்கள்.

பணம் கடன் வாங்கியாவது கட்டிவிடுவேன். அம்மாவின் உடல்நிலைக்கு இது பாதுகாப்பானதா, சொல்லப்பட்ட பலன்கள் உண்மையிலேயே கிடைக்குமா என்பதுதான் என் கவலை.

பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் பதில்:

தம்பி, சிகிச்சை பற்றி முடிவு சொல்லும் தகுதி எனக்கில்லை. அதை மருத்துவர்கள்தாம் சொல்ல வேண்டும். நீங்கள் அந்த மருத்துவமனையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி எதுவென்று மட்டும் என்னால் சொல்ல முடியும். அவர்களிடம் இருப்பது எந்த வகை லேசர், அதன் அலைநீளம் என்ன என்று கேளுங்கள்.

லேசர் ஒளி ஒரு பொருளின்மீது பட்டவுடன் அந்தப் பொருள் அதை உறிஞ்சிக்கொண்டால்தான் வேலை நடக்கும். எந்தப் பொருள் எந்த அலைநீளத்தை உறிஞ்சும் என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். 1960இல் தியோடர் மைமன் உருவாக்கிய முதல் லேசர் ரூபி படிகத்தைக் கொண்டது. அதன் சிவப்பு ஒளி 694 நானோமீட்டர் அலைநீளமுடையது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அதைப் பல்லின்மீது செலுத்திப் பார்த்தார்கள். பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் அந்த ஒளியைச் சரியாக உறிஞ்சாததால் பல்லை ஒழுங்காக வெட்டுவதற்குப் பதிலாகச் சூடுதான் ஏறியது. பல்லுக்குள் இருக்கும் நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட கூழ்ப்பகுதி 5.5 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பத்திலேயே பாதிக்கப்படத் தொடங்குகிறது என்று 1965இல் குரங்குகளின் பற்களில் நடந்த ஆய்வு காட்டியது. எனவே அந்த முயற்சிகள் சிகிச்சையாக வளரவில்லை.

1964இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். மாணவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். அதன் வழக்கமான அலைநீளமான 10,600 நானோமீட்டரைத் தசையில் உள்ள நீர் நன்றாக உறிஞ்சும். அதனால் மென்மையான திசுக்களை வெட்டுவதற்கு அது உகந்தது. பல்லையே வெட்டுவதற்குப் பொருத்தமாக அமைந்தவை பிறகு வந்த எர்பியம் வகை லேசர்கள். அவற்றில் எர்பியம் யாக் என்பதன் அலைநீளம் 2,940 நானோமீட்டர். நீர் மிக வலுவாக ஒளியை உறிஞ்சும் இடம் அதுதான். பல்லுக்குள் இருக்கும் சிறிதளவு நீர் அந்த ஒளியை வாங்கி நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் ஆவியாகி விரிவதால், சுற்றியுள்ள கனிமம் நுண்துகள்களாகத் தெறித்துவிடுகிறது. சூடு உள்ளே இறங்குவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். மேலே தண்ணீரும் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். சொத்தையான பகுதியில் நல்ல பகுதியைவிட நீர் அதிகம் என்பதால் அது எளிதாக வெளியேறும். பற்களின் கெட்டியான பகுதியில் இவ்வகை லேசரைப் பயன்படுத்த அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 1997இல்தான்.

டயோடு லேசர் இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது. 810 முதல் 980 நானோமீட்டர் வரையிலான அதன் ஒளியை இரத்தத்தின் ஹீமோகுளோபினும் தோலின் கருமைக்குக் காரணமான மெலனினும் உறிஞ்சும். எனாமலும் நீரும் அந்த அளவுக்கு உறிஞ்சுவதில்லை. ஆகவே ஈறில் அது வேலை செய்யும். பல்லை அதனால் குடைய முடியாது.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயோடு லேசரின் சிகிச்சை ஒளி ஏறத்தாழ முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியில் இருக்கிறது. தெரியாவிட்டாலும் கண்ணின் வில்லை அதைக் குவித்து விழித்திரையில் சேர்த்துவிடும். இமைக்கும் அனிச்சைச் செயலும் அங்கே உதவாது. மருத்துவர், உதவியாளர், நோயாளி, அறைக்குள் நிற்கும் நீங்கள் உட்பட எல்லோரும் அந்தக் குறிப்பிட்ட அலைநீளத்துக்கென்று செய்யப்பட்ட கண்ணாடியை அணிய வேண்டும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியோ வேறு வகை லேசருக்கான கண்ணாடியோ பாதுகாப்புத் தராது. அந்த ஏற்பாடு இல்லாத அறைக்குள் குழந்தையை அழைத்துச் செல்லாதீர்கள்.

திருநெல்வேலியில் பணிபுரியும் பல் மருத்துவர் ஒருவரின் பதில்:

ஐயா, நீங்கள் கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அம்மாவின் கன்னத்தில் உள்ள வெள்ளைப் படலத்தை, பயாப்சி செய்து முடிவு தெரியும் வரை, லேசரால் எடுக்க அனுமதிக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் ஒரு வாரம் தள்ளிப்போடலாம். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பாக்கு போடுபவர்களின் வாயில் இப்படி வரும் படலங்களில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை என்பது உண்மை. எனினும் எது மாறும், எது மாறாது, எது ஏற்கெனவே மாறிவிட்டது என்பதைக் கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிறு துண்டை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் நோயியல் மருத்துவர் பார்த்தால்தான் தெரியும். லேசரால் சுட்டு ஆவியாக்கிவிட்டால் பார்ப்பதற்குத் திசுவே மிஞ்சாது. மேலே புண் ஆறிக் கன்னம் பழையபடி ஆகிவிட்டதுபோலத் தோன்றும். அடியில் ஏதேனும் இருந்தால் அது அங்கேயே இருக்கும், நமக்கும் காலம் கடந்துவிடும். பயாப்சி முடிவு வந்தபின், இது எடுக்கத் தக்க படலம்தான் என்று உறுதியானால், கார்பன் டை ஆக்சைடு லேசரால் எடுப்பது முறையான சிகிச்சைகளில் ஒன்றே. அப்போதும் மீண்டும் வர வாய்ப்புண்டு என்பதால் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

புகையிலை சேர்ப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நம் பக்கத்தில் பலரும் அந்த ஆறுதலோடு இருக்கிறார்கள். பந்தியில் தாம்பூலம் வைக்கும் ஊர் நமது. பாக்கைத் தவறாகப் பேசவே தயங்குவோம். ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பிலேயே, புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும், தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். வாய் திறப்பது குறைந்திருக்கிறதா, காரம் பட்டால் எரிகிறதா, படலத்தில் சிவப்புத் திட்டுகள் கலந்திருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். சிவப்பு கலந்திருந்தால் இன்னும் விரைவாகப் பார்க்க வேண்டும். ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்கோ காவல்கிணற்றில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிக்கோ அழைத்துச் சென்று காட்டுங்கள்.

இனி ஈறு. பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள இடுக்கில் பற்காரை படிந்து, அதில் கிருமிகள் தங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதுதான் இந்த நோய். வேர் வரை படிந்திருக்கும் அந்தக் காரையை அல்ட்ராசோனிக் கருவியாலும் கையால் பிடிக்கும் கருவிகளாலும் சுரண்டி எடுப்பதுதான் அடிப்படைச் சிகிச்சை. ஈறை மரத்துப்போகச் செய்து, இரண்டு மூன்று அமர்வுகளில் ஆழமாகச் செய்ய வேண்டிய வேலை அது. மேலோட்டமாகப் பத்து நிமிடத்தில் செய்யும் கிளீனிங் அதற்கு ஈடாகாது. இதற்குப்பின் டயோடு லேசரை இடுக்கினுள் செலுத்திக் கிருமிகளைக் குறைப்பது கூடுதலாகச் செய்யும் ஒன்று. ஒழுங்காகச் சுரண்டிச் சுத்தம் செய்ததோடு லேசரும் சேர்ந்தால் கிடைக்கும் கூடுதல் பலன் மிகச் சிறியது என்பதுதான் இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டும் நிலை. டயோடு லேசரால் காரையை எடுக்க முடியாது. எனவே கையால் செய்ய வேண்டிய வேலையை விட்டுவிட்டு லேசரை மட்டும் காட்டினால் நோய் அப்படியே இருக்கும்.

ஆடும் பல் லேசரால் உறுதியாகும் என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. வீக்கம் வடிந்தால் ஆட்டம் ஓரளவு குறையும். எந்த முறையில் சிகிச்சை செய்தாலும் அது நடக்கும். கரைந்துபோன எலும்பு திரும்ப வளரும் என்ற நம்பிக்கையில் மூன்று மடங்கு பணம் கட்ட வேண்டாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, தேவைப்பட்டால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து உட்புறமாகக் கட்டி நிறுத்தலாம்.

அம்மாவுக்கு உண்மையில் பயன் தரக்கூடியது சர்க்கரைக் கட்டுப்பாடு. சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. ஈறு நோய்க்கு ஒழுங்கான சிகிச்சை செய்தவர்களுக்கு மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனை) அளவு சராசரியாக ஏறத்தாழ 0.4 சதவீதப் புள்ளி குறைவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. அது சிறிய எண்ணாகத் தோன்றலாம். கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தால் கிடைக்கக்கூடிய பலனுக்குப் பக்கத்தில் வருவது.

லேசரே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் சிகிச்சை அறையிலும் டயோடு லேசர் இருக்கிறது. ஞானப்பல்லின்மேல் மூடிக்கிடக்கும் ஈறு மடலை எடுப்பது, உதட்டையோ நாக்கையோ இழுத்துப் பிடிக்கும் சவ்வை விடுவிப்பது, வலிப்பு மாத்திரையால் வளர்ந்துவிட்ட ஈறைச் செதுக்குவது ஆகியவற்றுக்கு அதை விரும்பிப் பயன்படுத்துகிறேன். வெட்டும்போதே சிறு இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் இடம் தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் தையலும் தேவைப்படாது. வேலைக்கேற்ற கருவி என்று வரும்போது அது மிக நல்ல கருவி.

அம்பாசமுத்திரம் உறுப்பினர் மீண்டும் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மருத்துவமனையில் தொலைபேசியில் கேட்டேன். அவர்களிடம் இருப்பது டயோடு லேசர்தானாம். அப்படியானால் என் மகளின் சொத்தையை அதில் எப்படி எடுப்பதாகச் சொன்னார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. பயாப்சி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அம்மா மிகவும் பயந்திருக்கிறார்; கத்தி பட்டால் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளைச் சில நாள் நிறுத்திவிட்டுப் போக வேண்டுமா என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.

முக்கூடலிலிருந்து ஓர் உறுப்பினரின் பதில்:

அண்ணாச்சி, அம்மாவின் பயம் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதே பேச்சைக் கேட்டு என் கணவர் பயாப்சிக்குப் போகாமல் பல மாதங்கள் தள்ளிப்போட்டார். கத்தி பட்டதால் எதுவும் பரவவில்லை; தள்ளிப்போட்ட அந்த மாதங்களில்தான் கன்னத்தில் இருந்த புண் பெரிதானது. பிறகு அறுவைச் சிகிச்சையும் கதிரியக்கச் சிகிச்சையும் செய்ய வேண்டிவந்தது. இப்போது நலமாக இருக்கிறார். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், வேண்டுமானால் நானே பேசுகிறேன்.

லேசர் பற்றிய பேச்சு என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். கதிரியக்கம் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் வாய் முழுவதும் புண்ணாகித் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போய்விடுமென்று எச்சரித்திருந்தார்கள். அதைத் தடுக்க, சிகிச்சை நடந்த மருத்துவமனையில் சூடே இல்லாத ஒரு சிவப்பு ஒளியை வாய்க்குள் இடம் இடமாகச் சில நொடிகள் காட்டினார்கள். லேசர் என்றதும் சுடுமோ என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதுவுமே தெரியவில்லை என்றார். புண் வரவே செய்தது. ஆனாலும் கஞ்சியும் மோரும் குடிக்கும் அளவுக்குத் தாங்கிக்கொண்டார், மூக்கில் குழாய் போடாமலே சிகிச்சை முடிந்தது. அந்த ஒளியால்தான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மருத்துவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

திருநெல்வேலிப் பல் மருத்துவரின் இரண்டாவது பதில்:

முதலில் முக்கூடல் சகோதரிக்கு. உங்கள் கணவருக்குச் செய்தது குறைந்த ஆற்றல் லேசர் சிகிச்சை. அது திசுவை வெட்டுவதற்கோ சுடுவதற்கோ ஆனதன்று. செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா அந்தச் சிவப்பு ஒளியை ஏற்றுக்கொண்டு புண் ஆறுவதைத் தூண்டுகிறது என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிரியக்கம் பெறுபவர்களுக்கு வாய்ப்புண் வராமல் தடுக்க இதைச் செய்யலாம் என்று புற்றுநோய் ஆதரவுச் சிகிச்சைக்கான பன்னாட்டு வழிகாட்டு நெறிகளே பரிந்துரைக்கின்றன. வாய் மருத்துவத்தில் லேசருக்கு மிக வலுவான ஆதாரம் உள்ள இடங்களுள் ஒன்று இது. ஈறு வெள்ளையாவதற்கும் பல் பளபளப்பதற்கும் லேசர் விளம்பரங்களைப் பார்க்கும் நம் மக்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம். பக்கத்து ஊர்களில் கதிரியக்கம் பெறுபவர்கள் யாரேனும் இருந்தால், சிகிச்சை தொடங்கும் முன்பே இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். புண் வந்தபின் கேட்பதைவிட அது நல்லது.

அம்பாசமுத்திரம் ஐயாவுக்கு. மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் வைத்த முதல் ஆண்டையொட்டிய காலத்தில் அவற்றை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஈறைச் சுத்தம் செய்வதிலும் சிறு பயாப்சியிலும் வரும் இரத்தத்தைப் பஞ்சை அழுத்தி வைத்தும், தையல் போட்டும், இரத்தம் நிறுத்தும் மருந்தை அந்த இடத்தில் வைத்தும் நிறுத்திவிட முடியும். இதய மருத்துவரிடம் கலந்து பேசும்படி பல் மருத்துவரையே கேளுங்கள்; அவர்கள் எழுத்தில் தந்தால் மேலும் நல்லது. இரத்தம் வராது என்பதற்காக மட்டும் லேசரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை உங்கள் அம்மாவுக்கு இல்லை.

பயாப்சி எடுப்பதால் வாய்ப்புற்று பரவும் என்ற அச்சத்துக்காக அதைத் தவிர்ப்பதற்கு மருத்துவத்தில் இடமில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டு, உளுந்து அளவு துண்டை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள்.

மகளைப் பொறுத்தவரை, பேராசிரியர் சொன்னதே சரி. டயோடு லேசரால் சொத்தையைக் குடைந்தெடுக்க முடியாது. எர்பியம் லேசர் உள்ள இடத்தில் முடியும்; அதிர்வும் டிரில்லின் கிரீச்சிடும் சத்தமும் இராது, பட்பட்டென்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். பல குழந்தைகளுக்கு ஊசியில்லாமலே செய்துவிடலாம், எல்லோருக்கும் அப்படி அமையும் என்று உறுதி கூற முடியாது. டிரில்லைவிட நேரம் கூடுதலாகும். அந்தக் கருவியின் விலை மிக அதிகம் என்பதால் சிறிய ஊர்களில் எளிதில் கிடைப்பதில்லை. அதற்காக மதுரைக்கோ சென்னைக்கோ அலைய வேண்டாம். ஒன்பது வயதில் அது பால் பல்லா நிலைப்பல்லா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சில நிலைகளில் டிரில்லே இல்லாமல் கைக்கருவியால் மெதுவாகச் சுரண்டி, கிளாஸ் அயனோமர் சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம். சொத்தை நரம்பைத் தொடாதிருந்தால் சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தடவி அதை அப்படியே நிறுத்தி வைக்கவும் முடியும். பூசிய இடம் கறுத்துவிடும் என்பதால் கடைவாய்ப் பல்லில்தான் பெரும்பாலும் ஏற்பார்கள். குழந்தைகள் பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவரிடம் காட்டினால், முதல் நாள் நாற்காலியில் உட்காரப் பழக்கி அனுப்பிவிட்டு அடுத்த முறைதான் கைவைப்பார்.

அம்மாவை அழைத்துச் செல்லும் நாளில் காலை உணவும் வழக்கமான மாத்திரைகளும் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கிவிடக் கூடாது. இதய மருத்துவரின் சீட்டு, அண்மையில் எடுத்த எச்பிஏ1சி அறிக்கை, மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பயாப்சி முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள். அறிக்கையில் புரியாத சொல் இருந்தால் விளக்குகிறேன்.